மறதி நோயை ரத்தம் காட்டிக் கொடுக்குமா?

"ஐயா, அப்பா நேத்து வீட்டுக்கு வழி தெரியாம நின்னுட்டாரு. ரத்தத்துல சி.ஆர்.பி. கூடியிருக்காம். மறதி நோய்தானே?"

வெள்ளிமலையிலிருந்து கள்ளக்குறிச்சிக்கு அப்பாவை அழைத்து வந்த மகன் கேட்டார். பெரியவருக்கு வயது 72. கடுக்காய் பொறுக்கியே கல்வராயன் மலையை அளந்தவர். 'நாலே நாள்ல இப்படி ஆயிட்டாரு' என்றதும் எனக்குச் சந்தேகம். அரசு மருத்துவமனைக்கு அனுப்பினேன். சிறுநீரில் கிருமித் தொற்று! மருந்து கொடுத்ததும் புத்தி தெளிந்துவிட்டது.

வயதானவர்களுக்குத் திடீரென்று புத்தி தடுமாறினால் ஒரு நாள்கூடத் தள்ளிப் போடாதீர்கள். மறதி நோய் அப்படி வருவதில்லை. பெரும்பாலும் மெல்ல மெல்லத்தான் வரும்.

சரி, சி.ஆர்.பி. என்றால் என்ன? உடம்பில் எங்காவது அழற்சி ஏற்பட்டால் கல்லீரல் அதிகமாகச் சுரக்கும் புரதம். அழற்சியைச் சித்த வைத்தியத்தில் தாபிதம் என்போம். நெருப்பில்லாமல் புகையாதுதான். ஆனால் எந்த அடுப்பு எரிகிறது என்று புகை சொல்லாதே! ஈறு வீக்கம், மூட்டு வாதம், காய்ச்சல் எதிலும் இது ஏறும். இந்த ஓர் எண்ணை வைத்து மறதி நோய் என்று முடிவு கட்டக்கூடாது.

அப்படியானால் இரண்டுக்கும் சம்பந்தமே இல்லையா? உண்டு. அமெரிக்காவில் சராசரி 53 வயதில் 1,633 பேரின் ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் ஐந்து பொருட்களை அளந்தார்கள். 24 வருஷம் கழித்து மூளையை ஸ்கேன் எடுத்தார்கள். மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட பொருட்கள் கூடுதலாக இருந்தவர்களுக்கு, ஞாபகத்தைப் பதிய வைக்கும் 'ஹிப்போகேம்பஸ்' முதலிய பகுதிகள் சராசரியாக 5 சதவீதம் சிறுத்திருந்தன. 2017-ல் வெளிவந்த ஆய்வு இது. அழற்சிதான் காரணம் என்று இதனால் நிரூபணமாகிவிடவில்லை. ஆனாலும் எச்சரிக்கை மணி அடித்துவிட்டது.

நம் நாட்டில் 60 வயதைத் தாண்டியவர்களில் 100-க்கு 7 பேருக்கு மேல் மறதி நோய் இருப்பதாக 2023-ல் வெளியான கணக்கு சொல்கிறது. அதனால் நாற்பது வயதிலேயே விழித்துக்கொள்ளுங்கள். சர்க்கரை, ரத்தக்கொதிப்பைக் கட்டுக்குள் வையுங்கள். ஈறில் ரத்தம் கசிந்தால் பல் டாக்டரைப் பாருங்கள். பீடி, சிகரெட், புகையிலை வேண்டாம். தினமும் நடங்கள். காது மந்தமானால் கருவி வைத்துக்கொள்ள வெட்கப்படாதீர்கள்.

மறதி ஏற்கெனவே தலைகாட்டினால் தைராய்டு, பி-12 பரிசோதனையும் செய்யுங்கள். அவற்றால் வந்த மறதியைப் பல சமயம் சரிசெய்யலாம்.

"வல்லாரை போதாதா டாக்டர்?" என்பீர்கள். தாராளமாகக் கடைந்து சாப்பிடுங்கள். சுருங்கிய மூளையை அது நிமிர்த்திவிடும் என்று மட்டும் நான் சொல்லமாட்டேன். அதை நம்பி, சாப்பிடும் மாத்திரையையும் நிறுத்திவிடாதீர்கள்!