ஓய்வுக்குப் பின் சாமிநாதையர்

நெடுங்காலம் ஒரு தொழிலில் நின்றோர் அதனின்று நீங்கிய பின் தம் பொழுதை எங்ஙனம் கழிக்கின்றனர் என்னும் வினா, தமிழாராய்ச்சிக்குப் புறம்பானது போலத் தோன்றலாம். ஆயினும் நம் இலக்கிய வரலாற்றில் அவ்வினாவிற்கு இடமுண்டு. அதனை டாக்டர் உ. வே. சாமிநாதையரின் வாழ்வு கொண்டு ஈண்டு விளக்குவோம்.

1855-ஆம் ஆண்டிற் பிறந்த ஐயர், 1880-இல் கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியப் பணி ஏற்றார். 1903-இல் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாறி, 1919-இல் ஓய்வு பெற்றார். சீவகசிந்தாமணி (1887), சிலப்பதிகாரம் (1892), புறநானூறு (1894) ஆகிய பதிப்புக்கள் பாடஞ் சொல்லும் கடமைக்கிடையே எஞ்சிய பொழுதில் உருவானவை. கல்லூரி விடுமுறைகளே ஏடு தேடும் பயணங்களுக்கு உதவின.

ஓய்வுக்குப் பின் அவர் வாழ்ந்த 23 ஆண்டுகளில் இருவகைப் பணிகளைக் காண்கின்றோம். முதலாவது, பழைய பணியின் தொடர்ச்சி. முதலும் இறுதியும் சிதைந்த பெருங்கதையை 1924-இல் வெளியிட்டார். குறுந்தொகைக்குப் பழைய உரை கிடையாமையின் தாமே உரை வகுத்து 1937-இற் பதிப்பித்தார். அப்போது அவர்க்கு வயது 82.

இரண்டாவது, நினைவைப் பதிவு செய்தல். இதுவே நாம் சிறப்பாகக் கருதற்குரியது. அவர்தம் ஆசிரியர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை மறைந்தது 1876-இல். அவருடைய சரித்திரத்தை ஐயர் இரு பாகங்களாக வெளியிட்டதோ 1933, 1934-ஆம் ஆண்டுகளில். இடையே அரை நூற்றாண்டிற்கு மேற் கழிந்தது. 1940 முதல் 'என் சரித்திரம்' ஆனந்த விகடனில் தொடர்ந்து வந்தது. மாணாக்கர் ஆசிரியருடன் உறைந்து பாடங்கேட்ட முறை, மடத்துப் புலமை, செய்யுள் இயற்றும் வழக்கு ஆகியவற்றை உடனிருந்து கண்டார் வாய்மொழியாக நாம் அறிவது இந்நூல்களாலேயாம். ஏட்டுச்சுவடி அழியினும் வேறு படி ஓரிடத்திற் கிடைத்தல் கூடும். ஒருவர் நினைவிற்கோ வேறு படி இல்லை.

அந்நினைவும் முற்றும் எழுதப்பெறவில்லை. 1942 ஏப்ரல் 28-இல் ஐயர் திருக்கழுக்குன்றத்தில் மறைந்தார். 'என் சரித்திரம்' ஏறத்தாழ 1899-ஆம் ஆண்டு நிகழ்ச்சிகளோடு நின்றுவிட்டது. மாநிலக் கல்லூரிக் காலத்தையும் பெருங்கதைப் பதிப்பு வரலாற்றையும் அந்நூலில் நாம் காணல் இயலாது. பின்னாளில் அவர்தம் மாணவர் கி. வா. ஜகந்நாதன் 'என் ஆசிரியப்பிரான்' என்னும் நூலால் அக்குறையை ஒருவாறு நிரப்பினார். எனினும் மாணவர் கண்டு கூறுவது வேறு. தாமே கூறுவது வேறு.

இதனால் நாம் பெறுவது யாது? ஓய்வு பெற்ற புலவர் முன்னைய பணியைத் தொடர்தல் நன்று; ஆயின் அப்பணியைப் பிறரும் தொடரக்கூடும். தாம் கண்டதும் கேட்டதும் எழுதுதல் அவரொருவர்க்கே இயலும். ஓய்வு பெறும் ஆசிரியர்க்குப் பிரிவுபசாரம் செய்து அனுப்பும் தமிழ்த் துறைகள், அவர் நினைவைக் கேட்டெழுத ஓர் ஆய்வு மாணவரையும் உடன் அமர்த்துதல் வேண்டும். எண்பதைக் கடந்தும் எழுதும் ஆற்றல் எல்லார்க்கும் வாய்ப்பதன்று. ஆதலின் இதனைக் காலந்தாழ்த்தல் தகாது.