அலமாரியில் ஒரு வட்டுப் பெட்டி

பாரிஸ் லா ஷப்பலில், என் வீட்டு அலமாரியில், இடியப்ப மாவுப் பைக்குப் பக்கத்தில் ஒரு வலைச் சேமிப்புப் பெட்டி இருக்கிறது. உள்ளே இரண்டு வன்தட்டுகள். இந்நகரிலிருந்து வெளிவந்த 'எக்ஸில்', 'உயிர்நிழல்' இதழ்களை ஸ்கேன் செய்து அதில் வைத்திருக்கிறேன். ஒன்றில் எழுதுவது மற்றதிலும் பதியும். ஆனால் இதைக் காப்புப்பிரதி என்று நம்பிவிடாதீர்கள். தவறுதலாக அழித்தால் இரண்டிலும் அழியும்.

வன்தட்டு தன் உடல்நிலையைத் தானே குறித்துக்கொள்கிறது. இதற்கு 'ஸ்மார்ட்' என்று பெயர். பழுதான இடங்களை ஒதுக்கிவிட்டு மாற்றிடத்தில் எழுதிய எண்ணிக்கை அதில் இருக்கும். அது பூச்சியத்தைத் தாண்டினால் எனக்கு மின்னஞ்சல் வரும். கூகுள் பொறியாளர்கள் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வட்டுகளை ஆராய்ந்து 2007இல் எழுதினார்கள்: பரப்புச் சோதனையில் முதல் பிழை காட்டிய வட்டு 60 நாட்களுக்குள் சாகும் வாய்ப்பு, பிழையில்லாததைவிட 39 மடங்கு. ஆனால் செத்தவற்றில் பாதிக்கு மேல் முக்கிய அறிகுறி எதையும் காட்டவேயில்லை! ஆகவே மாதம் ஒருமுறை இரண்டையும் முழுக்க வாசித்து ஒப்பிட வைக்கிறேன்.

1981இல் எரிந்த யாழ் நூலகத்தின் சுவடிகள் ஒரே கட்டடத்தில் இருந்தன. என் பெட்டியும் ஒரே அலமாரியில்தான். அதனால் மூன்றாவது பிரதி லண்டனில், தங்கை வீட்டில். ஆறு மாதத்துக்கொருமுறை அதிலிருந்து சில இதழ்களைத் திறந்து பார்ப்பேன். சென்றமுறை இரண்டு பக்கங்கள் திறக்கவில்லை. தாள் கையில் இருந்ததால் மறுபடி ஸ்கேன் செய்தேன்.