படகிலிருந்து ஒருவர் விழுந்துவிட்டால்...

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் செல்லும் சாலையோரம் சற்று நேரம் நின்று பாருங்கள். புத்தம் புதிய கார்களைச் சுமந்துகொண்டு நீளமான லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போவதைக் காணலாம். அந்தக் கார்கள் ஒவ்வொன்றிலும் இருக்கைப் பட்டை உண்டு. மோதல் நேர்ந்தால் கண்ணிமைக்கும் நேரத்தில் உப்பிவிடும் காற்றுப்பையும் உண்டு. கார் மோதிய பிறகு பட்டையைத் தேடி எடுத்து மாட்டிக்கொள்ளலாம் என்று யாராவது நினைப்பார்களா? மாட்டார்கள். ஆனால் படகில் ஏறும் பலர் அப்படித்தான் நினைக்கிறார்கள்! உயிர்காப்பு அங்கியை இருக்கைக்கு அடியில் போட்டுவிட்டு, "தேவைப்பட்டால் எடுத்துக்கொள்ளலாம்" என்று இருந்துவிடுகிறார்கள்.

"எங்கள் ஊரில் கடலே இல்லையே, படகைப் பற்றி எங்களுக்கென்ன?" என்று ஸ்ரீபெரும்புதூர் மாணவர் ஒருவர் கேட்கலாம். 2015 டிசம்பரில் நடந்ததை வீட்டிலுள்ள பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். இந்த வட்டாரத்து ஏரிகள் நிரம்பி வழிந்து, உபரி நீர் அடையாற்றில் பெருகியது. வரதராஜபுரம், முடிச்சூர் பகுதிகளில் தெருக்களே ஆறாகிவிட்டன. சென்னையிலும் புறநகரிலும் மீனவர்கள் தங்கள் படகுகளோடு வந்து, வெள்ளத்தில் தவித்தவர்களை மீட்டார்கள். நீச்சல் தெரியாத முதியோரும் குழந்தைகளும்கூட அன்று படகேற வேண்டியதாயிற்று. ஆகவே, படகிலிருந்து ஒருவர் தண்ணீரில் விழுந்தால் என்ன ஆகிறது, அவரை எப்படிக் காப்பாற்றுவது என்பதை நாம் எல்லோருமே தெரிந்துகொள்வது நல்லது.

ஒரு நிமிடத்தில் 180 மீட்டர்

மணிக்கு 11 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு படகு செல்வதாக வைத்துக்கொள்வோம். சைக்கிளின் வேகம்தான். இதை விநாடிக்கு மாற்றினால் ஏறத்தாழ 3 மீட்டர். அதாவது, ஒருவர் விழுந்ததைக் கவனிக்க ஒரு நிமிடம் தாமதமானால், அவருக்கும் படகுக்கும் இடையே 180 மீட்டர் விழுந்துவிடும். நீருக்கு மேலே தெரிவது அவருடைய தலை மட்டுமே. அலைகளுக்கு நடுவே மிதக்கும் ஒரு தேங்காயை 180 மீட்டர் தொலைவிலிருந்து கண்டுபிடிக்க முடியுமா என்று எண்ணிப் பாருங்கள்!

இதனால்தான் கடலோடிகள் மூன்று வேலைகளை ஒரே சமயத்தில் செய்யப் பழகுகிறார்கள். முதலில், விழுந்ததைக் கண்டவர் உரக்கக் கத்தி எல்லோருக்கும் தெரிவிக்கிறார். இரண்டாவதாக, மிதக்கக்கூடிய பொருளை உடனே வீசுகிறார்கள். மூன்றாவதாக, ஒருவர் வேறு எந்த வேலையும் செய்யாமல், விழுந்தவரையே கைநீட்டிக் காட்டியபடி நிற்கிறார். படகு எந்தப் பக்கம் திரும்பினாலும் அவர் கண்ணை எடுக்கக் கூடாது. ஓட்டுபவருக்குத் திசைகாட்டும் முள் அவருடைய விரல்தான்.

ஓட்டுபவரே விழுந்துவிட்டால்? விசைப்பொறி பூட்டிய சிறு படகுகள் பலவற்றில் இதற்கென ஒரு கயிறு உண்டு. அதன் ஒரு முனை ஓட்டுபவரின் காலிலோ உடையிலோ மாட்டப்பட்டிருக்கும். மறுமுனை எஞ்சினின் சுவிட்சில் இருக்கும். அவர் விழுந்தவுடன் கயிறு இழுபட்டு எஞ்சின் நின்றுவிடும். படகும் ஓடிப்போகாது, சுழலும் விசிறியும் அவரைத் தாக்காது.

எத்தனை நியூட்டன் வேண்டும்?

ஒரு பொருள் எவ்வளவு நீரை இடம்பெயர்க்கிறதோ, அந்த நீரின் எடைக்குச் சமமான விசை அதை மேலே தள்ளும் என்று ஆர்க்கிமிடீஸ் தத்துவத்தில் படித்திருக்கிறீர்கள். மனித உடலின் அடர்த்தி நீரின் அடர்த்திக்கு மிக அருகில் உள்ளது. ஆகவே முழுவதும் மூழ்கிய உடலுக்கு எடை இல்லாதது போலவே தோன்றும். சிக்கல் தலையில்தான் இருக்கிறது. தலையின் நிறை 4 முதல் 5 கிலோகிராம். அது நீருக்கு மேலே இருக்க வேண்டுமானால் ஏறத்தாழ 50 நியூட்டன் கூடுதல் விசை தேவை.

கைகால்களை அசைத்து இந்த விசையை உண்டாக்குவதைத்தான் நீச்சல் என்கிறோம். ஆனால் மயங்கியவர் எப்படி நீந்துவார்? எனவே ஆழ்கடலுக்கான அங்கிகள் 150 நியூட்டன் மிதப்பு விசை தரும்படி செய்யப்படுகின்றன. மிதப்புப் பொருள் மார்பிலும் கழுத்தைச் சுற்றியும் அதிகமாக இருக்கும். ஆகவே குப்புற விழுந்தவரையும் அது புரட்டி, முகம் மேலே இருக்கும்படி வைக்க உதவுகிறது.

150 நியூட்டன் என்றால் எவ்வளவு? வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். மூடியை இறுக மூடிய ஒரு லிட்டர் காலிப் பாட்டிலை, வாளித் தண்ணீரில் முழுவதும் மூழ்கும்வரை அழுத்துங்கள். உங்கள் உள்ளங்கையை மேலே தள்ளும் விசை ஏறத்தாழ 10 நியூட்டன். இப்படிப் பதினைந்து பாட்டில்கள் சேர்ந்தால் 150 நியூட்டன் ஆகிவிடும்.

இலவம் பஞ்சும் கரியமில வாயுவும்

நாம் தலையணையில் அடைக்கிறோமே, அதே இலவம் பஞ்சுதான் ஒரு காலத்தில் உயிர்காப்பு அங்கிகளிலும் அடைக்கப்பட்டது. அதன் இழைகள் உள்ளே குழலாக இருக்கின்றன. மேலே மெழுகு போன்ற பூச்சும் உண்டு. ஆகவே அது எளிதில் நீரை ஈர்க்காது. பிற்காலத்தில் செயற்கை நுரைப் பொருள்கள் அதன் இடத்தைப் பிடித்தன.

இன்று தாமாகவே உப்பும் அங்கிகளும் உள்ளன. சாதாரணமாக ஒரு துண்டை மடித்துக் கழுத்தில் போட்டது போல இருக்கும். அதனுள் சிறிய உருளையில் 33 கிராம் கரியமில வாயு அடைக்கப்பட்டிருக்கிறது. நீரில் கரையும் ஒரு சிறு வில்லை, சுருள்வில்லை இறுக்கிப் பிடித்திருக்கும். தண்ணீர் பட்டதும் வில்லை கரையும், சுருள்வில் விடுபடும், ஊசி உருளையைத் துளைக்கும். சில விநாடிகளில் அங்கி உப்பிவிடும்.

33 கிராம் போதுமா? கணக்குப் போடுவோம். 44 கிராம் கரியமில வாயு ஒரு மோல். அப்படியானால் 33 கிராம் என்பது முக்கால் மோல். நம் ஊர் வெப்பநிலையில் ஒரு மோல் வாயு ஏறத்தாழ 24 லிட்டர் இடத்தை நிரப்பும். முக்கால் மோலுக்கு 18 லிட்டர். அது இடம்பெயர்க்கும் நீர் 18 கிலோகிராம். மிதப்பு விசை ஏறத்தாழ 180 நியூட்டன். பைக்குள் அழுத்தம் சற்று அதிகம் என்பதால் கனஅளவு கொஞ்சம் குறையும். எனினும் 150 நியூட்டன் கிடைத்துவிடுகிறது. வேதியியல் பாடத்தில் வரும் மோல், இங்கே ஓர் உயிரைத் தாங்குகிறது!

கப்பல் திரும்பும் விதம்

ஒரகடம் சாலையில் பார்த்த கார்களில் பல, எண்ணூர் காமராஜர் துறைமுகத்திலிருந்தும் சென்னைத் துறைமுகத்திலிருந்தும் கப்பலேறுகின்றன. அவ்வளவு பெரிய கப்பலிலிருந்து ஒரு மாலுமி விழுந்தால், கப்பலை உடனே நிறுத்த இயலாது. முதலில் அவர் விழுந்த பக்கமே சுக்கானைத் திருப்புகிறார்கள். அப்போது கப்பலின் பின்புறம் எதிர்ப்பக்கம் நகர்வதால், உந்துவிசிறி அவரைவிட்டு விலகிவிடும். திசை 60 பாகை மாறியதும் சுக்கானை மறுபக்கம் முழுவதுமாகத் திருப்புகிறார்கள். கப்பல் ஒரு பெரிய வளையம் போட்டு, தான் வந்த தடத்திலேயே எதிர்த்திசையில் திரும்பி வருகிறது. 1943-இல் இதைச் செய்துகாட்டிய அமெரிக்கக் கடற்படையினர் வில்லியம்சனின் பெயராலேயே இது 'வில்லியம்சன் திருப்பம்' எனப்படுகிறது. விழுந்தவர் கண்ணுக்குத் தெரியாதபோதும், இரவிலும் இம்முறை பெரிதும் கைகொடுக்கும்.

அதற்குள் உயிர்காப்பு வளையம் ஒன்று வீசப்பட்டிருக்கும். பன்னாட்டு விதிப்படி அது 14.5 கிலோகிராம் இரும்பை நன்னீரில் 24 மணி நேரம் தாங்க வேண்டும். கப்பலை ஓட்டும் மேடையின் இருபுறமும் உள்ள வளையங்களில் தாமே எரியும் விளக்கும், 15 நிமிடம் ஆரஞ்சு நிறப் புகை விடும் கருவியும் இணைந்திருக்கும். பகலில் புகையும் இரவில் ஒளியும் இடத்தைக் காட்டிக்கொடுக்கும்.

தூக்குவதுதான் கடினம்

விழுந்தவரை அடைந்துவிட்டால் வேலை முடிந்ததா? இல்லை! நீருக்குள் எடையற்றவர் போல இருந்தவர், மேலே வர வர முழு எடையையும் பெறுகிறார். நனைந்த உடையின் பாரமும் சேர்ந்துகொள்கிறது. களைத்துப்போன அவரால் தானாக ஏற முடியாது. எனவே ஏணி, வலை, கயிற்று வளையம், கப்பி முதலியவற்றைப் பயன்படுத்துகிறார்கள். நீண்ட நேரம் நீரில் கிடந்தவரைக் கூடியவரை படுத்த நிலையிலேயே தூக்க வேண்டும். உடலைச் சூழ்ந்து அழுத்திய நீர் திடீரென விலகும்போது இரத்தம் கால்களை நோக்கி இறங்கி, இரத்த அழுத்தம் சரிந்துவிடக்கூடும் என்பதே காரணம்.

ஆழ்கடலில் தனித்திருக்கும் படகுக்கு விண்வெளியிலிருந்தும் துணை உண்டு. இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் உருவாக்கிய ஆபத்து அறிவிப்புக் கருவியின் பொத்தானை அழுத்தினால், படகின் அடையாளமும் இருப்பிடமும் செயற்கைக்கோள் வழியாகக் கட்டுப்பாட்டு மையத்துக்குச் செல்கின்றன. 2024-இல் வெளியான இதன் இரண்டாம் தலைமுறைக் கருவி, "செய்தி கிடைத்தது" என்ற பதிலையும் மீனவருக்குத் தெரிவிக்கிறது. கடலில் ஆபத்து என்றால் கடலோரக் காவல் படையை அழைக்க 1554 என்ற எண்ணும் இருக்கிறது.

நீங்கள் செய்யக்கூடியவை

2011 டிசம்பர் 25 அன்று பழவேற்காட்டில் உல்லாசப் பயணம் சென்ற படகு கவிழ்ந்து 22 பேர் மாண்டார்கள். இத்தகைய செய்தியைக் கேட்டதும் எழும் முதல் கேள்வி, "அங்கி அணிந்திருந்தார்களா?" என்பதுதான். புரளும் நீரில் அங்கியைத் தேடி மாட்டிக்கொள்வது நல்ல நீச்சல்காரருக்கே அரிது.

ஏரியிலோ குளத்திலோ ஒருவர் தத்தளிப்பதைக் கண்டால், நீங்கள் குதிக்காதீர்கள். மூழ்குபவர் பீதியில் உங்களையும் சேர்த்து இழுத்துவிடுவார். கத்தி ஆட்களைக் கூப்பிடுங்கள். நீண்ட கழியையோ, புடவையையோ, கயிற்றையோ நீட்டுங்கள். இறுக மூடிய காலித் தண்ணீர்க் கேன் கிடைத்தால் அதை வீசுங்கள். 20 லிட்டர் கேனின் மிதப்பு விசை ஏறத்தாழ 190 நியூட்டன்!

அடுத்த முறை முட்டுக்காட்டிலோ வேறெங்கோ படகேறும்போது, அங்கியின் பட்டைகளை எல்லாம் மாட்டிக்கொண்டு, நண்பரிடம் அதன் தோள்பகுதியைப் பிடித்து மேலே தூக்கச் சொல்லுங்கள். அது காதுவரை ஏறிவந்தால் தளர்வாக இருக்கிறது என்று பொருள். இறுக்கிக்கொண்ட பிறகு படகில் கால் வையுங்கள்.