ஒரே இரவில் பல தூக்கம்

மாடு வளர்த்தவர்களுக்குத் தெரியும், அது நின்றபடியே கண் சொருகும். ஆனால் அது அரைத்தூக்கம்தான். படுத்து, கழுத்தைத் திருப்பி, விலாவில் தலையைச் சாய்த்த பிறகே தூக்கத்தின் கடைசிக் கட்டத்திற்குள் அது போக முடியும். அந்தக் கட்டத்தில் கழுத்து, கால் தசைகள் அடியோடு தளர்ந்துவிடும். நின்றால் விழ வேண்டியதுதான். குதிரைக்கும் இதே கதை.

மனிதனுக்கும் அந்தக் கட்டம் உண்டு. மூடிய இமைக்குள் கண்கள் அங்குமிங்கும் வேகமாக ஓடும். தெளிவான கனவுகள் பெரும்பாலும் அப்போதுதான் வரும். சிகாகோ பல்கலைக்கழகத்தின் யூஜின் அசெரின்ஸ்கியும் நத்தேனியல் கிளைட்மனும் 1953இல் இதை வெளியிட்டனர். தூங்கினால் மூளையும் ஓய்ந்து கிடக்கும் என்றே அதுவரை பலர் நம்பியிருந்தனர்.

படுத்ததும் முதலில் வருவது கண் அசரும் சில நிமிடங்கள். அப்போது எழுப்பினால், "நான் தூங்கவே இல்லையே" என்று சாதிப்பவர்கள் உண்டு. அடுத்தது இதயத்துடிப்பும் உடல் சூடும் குறையும் இளந்தூக்கம். இரவில் ஏறக்குறைய பாதி இதிலேயே போய்விடுகிறது. பிறகு ஆழ்ந்த தூக்கம். பிள்ளைகளுக்கு வளர்ச்சி ஹார்மோன் அதிகம் சுரப்பது இந்த நேரத்தில்தான். எழுப்பினால் திருதிருவென விழிப்பார்கள். இதன்பின் கனவுத்தூக்கம். ஒரு சுற்று முடியச் சுமார் 90 நிமிடம் ஆகும். இரவில் நான்கைந்து சுற்று வரும்.

ஆனால் எல்லாச் சுற்றும் ஒன்றுபோல் இருப்பதில்லை. முன்னிரவில் ஆழ்ந்த தூக்கம் அதிகம். விடியலை நெருங்க நெருங்கக் கனவுத்தூக்கம் நீளும். நள்ளிரவு வரை தொலைக்காட்சி பார்த்துவிட்டு நான்கரை மணிக்கு எழும் பால்வெட்டுத் தொழிலாளியும், தொழிற்சாலை பஸ்ஸைப் பிடிக்க ஓடுபவரும் இழப்பது வெறும் இரண்டு மூன்று மணி நேரத்தை அல்ல, கனவுத்தூக்கத்தின் பெரும்பங்கை. கற்றது மனத்தில் பதியவும் மனம் அமைதிப்படவும் அந்தத் தூக்கம் உதவுகிறது. இரவு ஷிப்ட் முடித்து வருபவரின் பாடு இன்னும் மோசம்: வெளிச்சத்தைக் கண்ட உடல் கடிகாரம் விழித்திரு என்று சொல்வதால் பகல் தூக்கம் சுருங்கி, அடிக்கடி கலைந்துபோகிறது.

டால்பினுக்கு இந்தச் சிக்கல் இல்லை. மூளையின் ஒரு பாதி உறங்க, மறுபாதி விழித்திருந்து, மூச்சுவிட நீர்மட்டத்திற்கு வருவதைக் கவனித்துக்கொள்ளும். கூட்டத்தின் ஓரத்தில் உறங்கும் வாத்தும் அப்படித்தான், வெளிப்பக்கக் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு காவல் பார்க்கும்.

மனித மூளைக்கு அந்த வசதி கிடையாது. தூக்கம் போதாதவர் மோட்டார் சைக்கிளில் போகும்போது, கண் திறந்திருந்தாலும்கூட, சில விநாடித் தூக்கம் கேட்காமலே வந்துவிடும். 60 கிலோமீட்டர் வேகத்தில் மூன்று விநாடி என்பது 50 மீட்டர் தூரம்.