நிலப்போர்வைத் தாளின் தடிப்பைத் தராசினால் அறிதல்

பாலாறு ஆண்டில் பெரும்பகுதி வறண்டு கிடப்பதால், வேலூரை அடுத்த பாகாயம் முதலிய இடங்களின் தோட்டக்கால்களுக்குக் கிணற்று நீரே ஆதாரமாகும். அந்நீர் வெயிலில் வற்றாதிருக்கவும், களை முளையாதிருக்கவும் பாத்திகளின்மேல் பாலித்தீன் தாளை விரிப்பது நலந்தரும் முறையாகும். ஆயினும், தாள் மிக மெல்லியதாயின் அறுவடைக்கு முன்னரே கிழிந்து மண்ணிற் கலந்துவிடும். அத்துண்டுகள் எளிதில் மக்குவதில்லை. பொறுக்கி எடுப்பதும் அரிது. ஆதலின், வாங்கும்போதே தடிப்பைச் சோதித்துக்கொள்வது அவசியம்.

தாளின் தடிப்பு மைக்ரான் கணக்கில் கூறப்படுகிறது. ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்காக்கினால் அதில் ஒரு பங்கே மைக்ரான். இதனைக் கண்ணால் மதிப்பிட இயலாது. அடர்த்தி தெரிந்தால் தராசினால் மதிப்பிடலாம்.

அடர்த்தியாவது, ஒரு லிட்டர் பருமனுள்ள பொருளின் எடை. தண்ணீர் லிட்டருக்கு 1 கிலோ நிற்கும். தாள் செய்ய உதவும் பாலித்தீன் சுமார் 920 கிராம் நிற்கும். ஆகவே அது நீரில் மிதக்கும். குழாய்களுக்குப் பயன்படும் பி.வி.சி. சுமார் 1 கிலோ 400 கிராம் நிற்கும்; ஆகவே மூழ்கும்.

கணக்கிடும் முறை

1.2 மீட்டர் அகலமும் 400 மீட்டர் நீளமும் உள்ள சுருளை 25 மைக்ரான் என்று விற்பதாகக் கொள்வோம்.

1. அகலத்தை நீளத்தாற் பெருக்கப் பரப்பு 480 சதுர மீட்டர்.
2. அதனை மைக்ரானாற் பெருக்கி ஆயிரத்தால் வகுக்கப் பருமன் 12 லிட்டர்.
3. அதனை 0.92-ஆற் பெருக்க எடை ஏறக்குறைய 11 கிலோ.

நடுக்குழல் நீங்கலாகச் சுருள் 8 கிலோ 800 கிராமே நின்றால், அத்தாள் 20 மைக்ரானுக்கு மேற்பட்டதன்று. அல்லது நீளம் குறைந்திருக்கிறது. இரண்டில் எதுவாயினும் நஷ்டம் குடியானவருக்கே.

கவனிக்க வேண்டுவன

சுண்ணாம்புக்கல் தூள் கலந்த தாளில் எடை கூடி, தடிப்பும் சரியாயிருப்பதுபோல் தோன்றும். ஆகவே, சிறு துண்டொன்றைச் சோப்பு நீரில் நனைத்து, காற்றுக் குமிழிகள் நீங்கத் தேய்த்து, தண்ணீரில் அமிழ்த்தி விடுக. மூழ்கினால் அதிற் கலப்பு மிகுதி, அல்லது அது பாலித்தீனே அன்று. மிதந்தாலும் சிறிதளவு கலப்பு இருத்தல் கூடும்.

பழைய பிளாஸ்டிக்கைத் தரம் பிரித்து விற்கவும் இச்சோதனை உதவும். எவ்வகையையும் எரித்தலாகாது, பி.வி.சி. எரியுங்கால் ஹைட்ரோகுளோரிக் அமிலப் புகை எழும்.

கிராம அலுவலர்கள் இக்கணக்கைப் பலரும் காணும் இடத்தில் எழுதிவைப்பின் ஊரார் அனைவர்க்கும் பயன்படும்.