இன்னொரு பூமி உண்டா?

விண்வெளிக் கதைகளில் வீரர்கள் ஏதோ ஒரு கிரகத்தில் இறங்குவார்கள். கதவைத் திறந்து வெளியே வருவார்கள். அங்கே காற்று இருக்கும். தண்ணீர் இருக்கும். பேசுவதற்கு ஆளும் இருக்கும்!

உண்மை அப்படி அல்ல.

சூரியனைப் போன்ற வேறொரு நட்சத்திரத்தை ஒரு கிரகம் சுற்றுவது 1995-ம் ஆண்டில் கண்டுபிடிக்கப்பட்டது. இதுவரை 5 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கிரகங்கள் தெரிய வந்துள்ளன. அவற்றில் பலவற்றில் மனிதன் கால் வைக்கவே முடியாது. சில, நெருப்பாய்க் கொதிக்கின்றன. சில, வெறும் வாயு உருண்டைகள்.

உயிர் வாழத் தண்ணீர் வேண்டும். அது ஆவியாகிவிடவும் கூடாது; உறைந்துவிடவும் கூடாது. அதற்கு ஏற்ற தூரத்தில் ஒரு கிரகம் 2016-ல் தென்பட்டது. அதன் பெயர் "பிராக்சிமா பி". சூரியனுக்கு மிகவும் பக்கத்தில் உள்ள நட்சத்திரத்தை அது சுற்றுகிறது. அங்கே ஓர் ஆண்டு என்பது 11 நாள்தான்!

ஆனால் அந்த நட்சத்திரம் அடிக்கடி சீறிக் கொடிய கதிர்களை வீசுகிறது.

70 ஆயிரம் ஆண்டுப் பயணம்

"பக்கம்" என்றால் எவ்வளவு பக்கம்? 1977-ல் புறப்பட்ட "வாயேஜர்-1" விண்கலம், மணிக்குச் சுமார் 61 ஆயிரம் கிலோமீட்டர் வேகத்தில் பறக்கிறது. அந்த வேகத்தில் போனாலும், அங்கே போய்ச் சேர 70 ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆகும்!

கதவைத் திறந்ததும் மூச்சு விடக்கூடிய கிரகம் இதுவரை ஒன்றே ஒன்றுதான் தெரியும்.

அதில்தான் நாம் குடியிருக்கிறோம்.