வேரைக் கேட்காத குடியரசு

2018 ஜூலை 15 அன்று மாஸ்கோவில் குரோஷியாவை 4-2 என்று வென்று பிரான்ஸ் இரண்டாம் முறையாக உலகக் கோப்பையைத் தூக்கியது. அமெரிக்கத் தொலைக்காட்சியில் 'தி டெய்லி ஷோ' நடத்திவந்த ட்ரெவர் நோவா, ஆப்பிரிக்காதான் கோப்பையை வென்றிருக்கிறது என்று சொல்லி மகிழ்ந்தார். அவர் தென்னாப்பிரிக்காவில் பிறந்தவர். அந்தப் பேச்சில் ஏளனம் இல்லை. நம் வீட்டுப் பிள்ளைகள் ஜெயித்தார்கள் என்கிற பெருமைதான் இருந்தது. அரங்கில் இருந்த அமெரிக்கர்கள் ஆரவாரம் செய்தார்கள்.

வாஷிங்டனில் இருந்த பிரெஞ்சுத் தூதர் ஜெரார் அரோவுக்கு அது பொறுக்கவில்லை. நோவாவுக்குக் கடிதம் எழுதினார். அணியின் 23 பேரில் இருவரைத் தவிர எல்லோரும் பிரான்ஸிலேயே பிறந்தவர்கள், அங்கே படித்தவர்கள், அங்கேயே கால்பந்து கற்றவர்கள். அவர்களை ஆப்பிரிக்க அணி என்றால் அவர்கள் பிரெஞ்சுக்காரர்கள் என்பதை மறுத்ததாகிறது. அமெரிக்காவைப்போல் பிரான்ஸ் தன் குடிமக்களை இனம், மதம், பூர்வீகம் பார்த்துக் குறிப்பிடுவதில்லை என்பது கடிதத்தின் சாரம். நோவா அதை நிகழ்ச்சியிலேயே வாசித்துக் காட்டிவிட்டுப் பதில் சொன்னார். இந்தப் பன்முகம் எங்கிருந்து வந்தது? பிரான்ஸின் காலனி ஆட்சியிலிருந்து வந்தது. ஒருவர் ஏன் பிரெஞ்சுக்காரராகவும் ஆப்பிரிக்கராகவும் ஒருசேர இருக்கக் கூடாது?

இந்தக் கேள்வி அமெரிக்கர் காதில் மிக இயல்பாக விழும். அமெரிக்காவின் முதல் மக்கள்தொகைக் கணக்கு 1790இல் எடுக்கப்பட்டது. அன்று தொடங்கி இன்றுவரை ஏதோ ஒரு வடிவில் இனம் அதில் பதிவாகிறது. அடிமைகளைத் தனியே எண்ணுவதோடு தொடங்கிய பதிவு அது. ஆனால் கறுப்பர்களின் சம உரிமைப் போராட்டங்களுக்குப் பிறகு, பாகுபாட்டை நிரூபிக்க உதவும் ஆயுதமாகவும் அதுவே மாறியது. அதிபர் கென்னடி தன் ஐரிஷ் வேரைப் பெருமையோடு சொன்னார். அதனால் அவருடைய அமெரிக்கத் தன்மை ஒரு துளியும் குறையவில்லை. பூர்வீகத்தைச் சொல்வது அங்கே கூட்டல் கணக்கு.

பிரான்ஸில் அது கழித்தல் கணக்காகவே இருந்துவந்திருக்கிறது. ஏன் என்பதற்கு அந்நாட்டு வரலாற்றிலேயே பதில் இருக்கிறது. 1940இல் பிரான்ஸை ஆக்கிரமித்திருந்த நாஜி ஜெர்மானியர், யூதர்கள் காவல் நிலையத்துக்கு வந்து தங்களைப் பதிவுசெய்துகொள்ள வேண்டும் என்று உத்தரவிட்டார்கள். பாரிஸ் காவல்துறை அந்தப் பதிவுகளை அட்டைகளாக்கி, பெயர், தெரு, தொழில், நாடு என்று வகைபிரித்து அடுக்கி வைத்தது. 1942 ஜூலை 16, 17 தேதிகளில் அந்த அட்டைகளைக் கையில் வைத்துக்கொண்டுதான் பிரெஞ்சுக் காவலர்கள் வீடு வீடாகப் போனார்கள். சுமார் 13,000 பேர் பிடிபட்டார்கள். பெரும்பாலோர் ஆஷ்விட்ஸுக்கு அனுப்பப்பட்டார்கள். ஓர் அரசு தன் மக்களின் வேரைக் கேட்டு எழுதிவைத்தால் என்ன ஆகும் என்பதை அந்த நாடு இப்படித்தான் கற்றது.

1958ஆம் ஆண்டின் அரசமைப்பு, பூர்வீகம், இனம், மத வேறுபாடின்றிக் குடிமக்கள் அனைவரும் சமம் என்று முதல் பிரிவிலேயே சொல்கிறது. இனம் சார்ந்த தகவல்களைத் திரட்டுவதை 1978 ஜனவரிச் சட்டம் பொதுவாகத் தடைசெய்தது. புள்ளிவிவரத்துக்காக இனத்தைக் கேட்க வழிசெய்த ஒரு சட்டப்பிரிவை 2007இல் அரசமைப்புக் கவுன்சில் நீக்கியது. பிரெஞ்சு மக்களின் ஓர் அங்கமாகக் 'கோர்சிகா மக்கள்' என்று ஒரு சட்டம் குறிப்பிட்டதைக்கூட 1991இல் அதே கவுன்சில் ஏற்கவில்லை. பிரெஞ்சு மக்கள் என்று ஒரே மக்கள்தான் உண்டு என்றது. மதத்தையும் அரசையும் பிரித்த 1905ஆம் ஆண்டுச் சட்டம் மதத்தை எப்படி அரசின் பார்வைக்கு வெளியே வைத்ததோ, அப்படியே பூர்வீகத்தையும் வெளியே வைக்கும் முயற்சி இது. உலகக் கோப்பை இறுதி ஆட்டத்துக்கு மூன்று நாள் முன்பு, 'இனம்' என்ற சொல்லையே அரசமைப்பிலிருந்து எடுத்துவிட நாடாளுமன்றக் கீழவை வாக்களித்தது. அந்தத் திருத்தம் பிறகு நிறைவேறாமல் நின்றுபோனது வேறு கதை.

இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். பிரான்ஸில் ஆட்டக்காரர்களின் வேரைத் தோண்டியவர்கள் யார்? 1996இலேயே தேசிய அணியைச் செயற்கையானது என்று பழித்தவர் தீவிர வலதுசாரித் தலைவர் ழான் மரி லெ பென். நோவா அன்போடு சொன்னதும் லெ பென் வெறுப்போடு சொன்னதும் ஒரு பிரெஞ்சு இளைஞனின் காதில் ஏறக்குறைய ஒரே வாக்கியமாக விழுகிறது: நீ இந்த ஊர்க்காரன் அல்ல. 2018 உலகக் கோப்பை நாட்களில் ஒரு விளையாட்டுப் பக்கம் ட்விட்டரில் அணியினரின் பெயர்களுக்கு எதிரே பெற்றோரின் நாட்டுக் கொடிகளை வரிசையாகப் போட்டது. அணியின் தற்காப்பு ஆட்டக்காரர் பெஞ்சமின் மென்டி எல்லாப் பெயர்களுக்கும் எதிரே பிரெஞ்சுக் கொடியைப் போட்டு, சரிசெய்துவிட்டேன் என்று பதில் கொடுத்தார். தூதரின் கடிதத்தைவிட எனக்கு இதுதான் பெரிய சாட்சி. தன்னை என்னவென்று அழைக்க வேண்டும் என்று அழைக்கப்படுகிறவரே சொல்லிவிட்ட பிறகு, அதற்கு மேல் மற்றவருக்கு என்ன உரிமை இருக்கிறது?

இப்படிச் சொல்வதால் நோவாவின் கேள்வி செத்துவிடாது. குடியரசு வேரைக் கேட்பதில்லை. அதன் காவலர் கேட்கிறார். கறுப்பர் அல்லது அரபியர் என்று தோற்றமளிக்கும் இளைஞர்கள் அடையாளச் சோதனைக்காக நிறுத்தப்படும் வாய்ப்பு மற்றவர்களைவிட 20 மடங்கு அதிகம் என்று 2017இல் சொன்னது, பிரான்ஸின் உரிமைப் பாதுகாவலர் என்னும் அரசமைப்புப் பதவியின் அலுவலகமே. அதற்கு முந்தைய ஆண்டு இத்தகைய சோதனைகளுக்காக அரசே பொறுப்பு என்று நாட்டின் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. வேலை மறுக்கப்படுகிறவரிடமும் வாடகை வீடு கிடைக்காதவரிடமும், நாங்கள் உங்கள் நிறத்தைப் பார்ப்பதில்லை என்று அரசு சொன்னால், அவர் படும் துன்பத்தையும் அது பார்ப்பதில்லை என்றே பொருளாகிவிடும். அமெரிக்கர்களின் கண்ணில் முதலில் படுவது இந்த ஓட்டைதான். வேரைக் கேட்பதில்லை என்ற அந்த விதி எந்தக் காயத்திலிருந்து பிறந்தது என்பது அவர்களுக்குத் தெரிவதில்லை.

காலனிகளில் இந்த விதி ஒருநாளும் முழுதாக நடைமுறையில் இருந்ததில்லை என்பதற்குப் புதுச்சேரியே சான்று. 1881 செப்டம்பர் 21 ஆணைப்படி, பிரெஞ்சிந்தியாவில் ஒருவர் தம் சாதி, மத வழக்கச் சட்டங்களைத் துறந்து பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தை ஏற்கலாம். குடும்பப் பெயர் ஒன்றையும் சூடிக்கொள்ளலாம். வழக்கறிஞர் பொன்னுத்தம்பி பிள்ளை, லப்போர்த் ஆனார். ஒடுக்கப்பட்ட சாதியினர் பலர் இந்த வாசலை நம்பி நுழைந்தார்கள். ஆனால் அதே குடியரசு அங்கே ஐரோப்பியருக்கு ஒரு வாக்காளர் பட்டியலும் இந்தியருக்கு வேறு பட்டியலுமாகப் பிரித்து வைத்தது. எல்லாவற்றையும் துறந்து வந்தவரிடமும் அவருடைய வேர் கேட்கப்பட்டது.

பாரிஸுக்குள்ளேயே அது கேட்கப்பட்ட காலமும் உண்டு. 1961 அக்டோபரில், அல்ஜீரியப் போரின் கடைசிக் கட்டத்தில், பாரிஸ் காவல்துறைத் தலைவர் மொரிஸ் பப்போன் ஓர் இரவு ஊரடங்கை அறிவித்தார். அது எல்லோருக்குமானது அல்ல. 'அல்ஜீரியாவின் பிரெஞ்சு முஸ்லிம்கள்' என்று பெயர் சொல்லி அவர்களுக்கு மட்டும். சட்டப்படி அவர்கள் அப்போது பிரெஞ்சுக் குடிமக்கள். அக்டோபர் 17 இரவு அதை எதிர்த்து அமைதியாக ஊர்வலம் வந்தவர்களைக் காவலர்கள் அடித்தார்கள், சுட்டார்கள், சேன் ஆற்றில் வீசினார்கள். இந்த பப்போன்தான் 1942 முதல் போர்தோவிலிருந்து யூதர்களை நாடு கடத்தும் வேலையில் கையெழுத்திட்ட அதிகாரி. அந்தக் குற்றத்துக்காக 1998 ஏப்ரலில் அவருக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. மூன்று மாதம் கழித்து, பிரான்ஸ் முதல் உலகக் கோப்பையை வென்ற இரவில், அல்ஜீரியப் பெற்றோரின் மகனான ஜினடின் ஜிடானின் முகம் வெற்றி வளைவின் மேல் ஒளிர்ந்தது.

பல ஆண்டுகள் பிரான்ஸ் பேசத் தயங்கிய அந்த 1961 இரவை, அமெரிக்கக் கறுப்பர் ஒருவர் எழுதிவைத்திருந்தார். பிலடெல்பியாவில் பிறந்து, நிறவெறிக்குத் தப்பிப் பாரிஸில் குடியேறிய வில்லியம் கார்ட்னர் ஸ்மித், 1963இல் வெளிவந்த 'தி ஸ்டோன் ஃபேஸ்' என்ற நாவலில் அதைக் கொண்டுவந்தார். அமெரிக்கக் கறுப்பர்களுக்குப் பாரிஸ் கொடுத்த மரியாதையை அல்ஜீரியர்களுக்கு ஏன் கொடுக்கவில்லை என்பதே அவருக்குள் எழுந்த கேள்வி. அதன் பிரெஞ்சு மொழிபெயர்ப்பு வர 2021 வரை ஆயிற்று. பாரிஸைத் தேடி வந்த ஸ்மித், எழுத்தாளர் ஜேம்ஸ் பால்ட்வின், ஆடல் பாடல் கலைஞர் ஜோசபின் பேக்கர் ஆகியோரின் கண்கள் கண்ட பிரான்ஸை அடுத்த வாரம் பார்ப்போம்.